அறுபதே செகண்ட்... அமர்க்களமான பார்ட்டி!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாண்டுக்குப் பிறந்த நாளா? வாழ்த்துகள்!

கேக்குக்கு ஆர்டர் கொடுத்தாச்சு. புது டிரஸ் எடுத்தாச்சு. பக்கத்து வீடு, எதிர் வீடு, ஸ்கூல் சிநேகிதங்கள் என்று ஒரு டஜன் பொடிசுகளைக் கூப்பிட்டும் ஆச்சு. எல்லாம் சரி... கேக் வெட்டப் பத்து நிமிஷம். சமோசாவும் சிப்ஸும் காலியாக இன்னொரு பத்து நிமிஷம். அதுக்கப்புறம்?

அதுக்கப்புறம்தானே இருக்கிறது கூத்து! இரண்டு பேர் சோஃபா மேல் ஏறிக் குதிப்பார்கள். நாலு பேர் ஒரே செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தி மட்டும் உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, எங்கம்மா எப்ப வருவாங்க?" என்பாள்.

'மியூசிகல் சேர் வைத்தால் போச்சு' என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மகளுக்கு ஏழாவது பிறந்த நாள். பன்னிரண்டு குழந்தைகள், பதினோரு நாற்காலி. பாட்டு நின்ற முதல் தடவையிலேயே ஒரு குட்டிப் பெண் அவுட். "பரவாயில்லடா செல்லம், அப்படிப் போய் உட்காரு" என்றேன். போய் உட்கார்ந்தாள். எங்கே தெரியுமா? வாசல்படியில், செருப்பை மாட்டிக்கொண்டு! கேக் கொடுத்துக் கூப்பிட்டேன், பலூன் கொடுத்துக் கூப்பிட்டேன். ஊஹூம்... அவள் அம்மா வரும் வரை உள்ளே வரவேயில்லை.

அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். பதினோரு குழந்தைகளை ஒவ்வொருத்தராக வெளியே அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கிற ஆட்டம்... இதுக்குப் பேர் பார்ட்டியா?

அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் நாற்காலிக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஒரு நிமிஷ ஆட்டங்கள். கடையில் ஒரு சாமான் வாங்க வேண்டாம். துணி க்ளிப், இட்லித் தட்டு, எலுமிச்சம்பழம், பழைய பேப்பர்... அவ்வளவுதான் முதலீடு!

ஏன் ஒரு நிமிஷம்?

வீட்டுச் சாமான்களை வைத்து அறுபது செகண்ட் போட்டி நடத்துவது ஒன்றும் புதுசில்லை. 2010-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மினிட் டு வின் இட்' என்று ஒரு நிகழ்ச்சி வந்து சக்கைப்போடு போட்டது. ஆனால் அங்கே நோக்கம் பணப் பரிசு. நமக்கு வேண்டியது வேறு.

முதல் விஷயம், ஒரு நிமிஷ ஆட்டத்தில் யாரும் 'அவுட்' கிடையாது. நன்றாக ஆடினாலும் சுமாராக ஆடினாலும் எல்லோருக்கும் அதே அறுபது செகண்ட்தான். தோற்றாலும் அந்தத் தோல்வி ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அழலாமா வேண்டாமா என்று குழந்தை முடிவு பண்ணுவதற்குள் அடுத்த ஆட்டம் ஆரம்பமாகிவிடும்!

இரண்டாவது விஷயம், இது உடம்பு சம்பந்தப்பட்டது. 'நில்' என்றால் நிற்பது, தன் முறை வரும் வரை காத்திருப்பது, ஆட்டத்தின் விதியை மனசில் வைத்துக்கொள்வது, தோற்ற ஆத்திரத்தை அடக்குவது... இதெல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளையின் முன்பகுதி பார்க்கிற வேலை. அந்தப் பகுதி முழுசாகப் பக்குவப்பட இருபது வயசைத் தாண்டிவிடும். ஏழு வயசுக் குழந்தை தோற்றதும் தேம்பினால், 'என்ன அடம்!' என்று அதட்டாதீர்கள். அதனால் முடிந்தது அவ்வளவுதான். சின்னச் சின்னத் தோல்விகளைத் திரும்பத் திரும்பச் சந்தித்து, அடுத்த வாய்ப்பும் கிடைக்கும்போதுதான் அந்தப் பக்குவம் வரும். ஒரு நிமிஷ ஆட்டம் இதற்கு நல்ல பயிற்சி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை ஆடினால் போதும், ஓடி விளையாட வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை. அதற்கு மைதானம்தான் சரி. இது வீட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு.

ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் கணக்கு!

ஒரு நிமிஷ ஆட்டம் சொதப்புவது எங்கே தெரியுமா? காத்திருப்பதில்! பன்னிரண்டு குழந்தைகளை ஒவ்வொருத்தராக ஆடவிட்டால், ஆட ஒரு நிமிஷம், சாமானை ஒழுங்கு பண்ண அரை நிமிஷம் என்று ஒரு சுற்றுக்கே 18 நிமிஷம் ஆகிவிடும். அதற்குள் பாதிப் பேர் சோஃபா மேல் இருப்பார்கள்.

அதனால் நாலு நாலு பேராக ஆடவிடுங்கள். மூன்றே தடவையில், ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. அந்த ஜோடிதான் எண்ணிக்கை எடுக்கும். நாலு பேர் ஆட, நாலு பேர் எண்ண, நாலு பேர் அடுத்துத் தயாராக... ஒருத்தரும் சும்மா இல்லை!

ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு சுற்று வையுங்கள். முதல் சுற்றில் எத்தனை, இரண்டாவது சுற்றில் எத்தனை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். இது ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். மறந்துவிடாதீர்கள், இதுதான் முக்கியமான விஷயம்.

ஐந்து வயசுக்கும் கீழே உள்ள குட்டிகளுக்குக் கடிகாரம் வேண்டாம். நேரம் ஓடுகிறது என்றாலே பதறிப் போய்க் கையில் இருப்பதையும் கீழே போடுவார்கள். அவர்களுக்கு, 'பாட்டு முடியும் வரை' என்று சொன்னால் போதும். நேரம் பார்க்க உங்கள் செல்போனே தாராளம்.

தரை காய்ந்திருக்கட்டும். டைல்ஸ் தரை என்றால் ஸாக்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். டீப்பாயை ஓரம் கட்டுங்கள். எல்லா ஆட்டத்தையும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுக் குனிந்து நிமிர்ந்தால் வாந்திதான் பரிசு!

இதோ ஒன்பது ஆட்டங்கள்

1. கொடியிலே க்ளிப்பு: குழந்தைகளின் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கொடி கட்டுங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு துணி க்ளிப். ஒரு கை முதுகுக்குப் பின்னால். இன்னொரு கையால் ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். பன்னிரண்டும் முடிந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அதுவும் கணக்குதான். பார்க்கச் சுலபம், முப்பது செகண்டில் விரல் கெஞ்சும்! கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் சேர்ந்து அழுத்துகிற இதே பிடிதான் பென்சில் பிடிக்கவும் வேண்டும். 'என் பையன் எழுதவே சோம்பேறித்தனம் பண்றான்' என்கிற அம்மாக்கள், தினமும் துணி காயப் போடும்போது அவனைக் கூப்பிட்டு க்ளிப் மாட்டச் சொல்லலாம். ஆட்டத்தோடு உங்களுக்கு ஒரு வேலையும் மிச்சம்! காதிலும் மூக்கிலும் மட்டும் மாட்டக் கூடாது என்பது விதி.

2. இட்லித் தட்டு கூடைப்பந்து: இட்லித் தட்டுகளைத் தனித்தனியாகக் கழற்றித் தரையில் வையுங்கள். பழைய பேப்பரைக் கசக்கி எலுமிச்சம்பழ அளவில் பந்துகள் செய்துகொள்ளுங்கள். பந்து செய்கிற வேலையையும் குழந்தைகளிடமே விடுங்கள், அது ஒரு தனி ஆட்டம். நாலடி தள்ளி நின்று, குழிக்குள் போய் உட்காரும்படி பந்தைப் போட வேண்டும். கண் தூரத்தை அளந்து சொல்ல, கை அதற்கேற்ப வீச... இரண்டும் ஒத்துழைத்தால்தான் இட்லி வேகும்! சின்னக் குழந்தைக்கு இரண்டடி போதும்.

3. பல்லாங்குழி எக்ஸ்பிரஸ்: பாட்டி வீட்டுப் பல்லாங்குழிப் பலகை இருக்கிறதா? பதினாலு குழி, குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டை. ஒரே கையால், எண்ணிக்கை தப்பாமல், ஒரு நிமிஷத்தில் எத்தனை குழி நிரப்ப முடியும்? எண்ணிக்கை தப்பின குழி கணக்கில் சேராது. பலகை இல்லை என்றால் பணியாரச் சட்டி இருக்கவே இருக்கிறது. முட்டை வாங்கிய அட்டையை மட்டும் எடுக்காதீர்கள். கோழி எச்சம் ஒட்டியிருக்கலாம். அதிலிருந்து வயிற்றுப்போக்குக் கிருமிகள் கைக்கு வரும். ஆறு வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே இந்த ஆட்டம். ஏன் என்று பின்னால் வருகிறது.

4. எலுமிச்சை நடை: ஸ்கூல் ஆண்டு விழாவில் ஸ்பூனை வாயில் கவ்விக்கொண்டு ஓடியிருப்பீர்களே, அதேதான். ஆனால் நம் வீட்டில் ஸ்பூன் கையில்தான்! வாயில் ஸ்பூனோடு தடுக்கி விழுந்தால் அது நேராகப் போய்க் குத்துவது அண்ணத்தில். பல்லும் உடையலாம். கையில் பிடித்து, பத்தடி போய்த் திரும்பி வந்தால் ஒரு பாயிண்ட். எலுமிச்சை விழுந்தால் விழுந்த இடத்திலேயே எடுத்து வைத்துத் தொடரலாம், 'அவுட்' இல்லை.

5. விசிறி மீன்: பேப்பரில் ஒரு சாண் நீளத்துக்கு மீன் வெட்டுங்கள். பனை ஓலை விசிறி அல்லது ஒரு பழைய நோட்டால் தரையைத் தட்டாமல் விசிறி விசிறி மீனை எதிர்ச் சுவர் வரை நீந்த வைக்க வேண்டும். மீன் போகிற திசையே வேறாக இருக்கும், வீடே சிரிப்பில் அதிரும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல வேலை. குந்திக்கொண்டே நகர்வதால் தொடைக்கும் வேலை. ஆமாம், சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டீர்களா?

6. கொக்கு மாமா: சாமானே வேண்டாத ஆட்டம். ஒற்றைக் காலில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். கால் தரையைத் தொட்டால் ஜோடி ஒரு 'தொடல்' எழுதும். மறுபடி தூக்கி நிற்கலாம். தொடல் குறைந்தால் வெற்றி. இரண்டாவது சுற்றில் பெரிய பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். கல் மாதிரி நின்றவனெல்லாம் ஆட்டம் காண்பான்! காரணம் இருக்கிறது. நம் உடம்பு தடுமாறாமல் நிற்க மூன்று இடத்திலிருந்து தகவல் வேண்டும்: கண், உள்காது, தசைகளும் மூட்டுகளும். கண்ணை மூடினால் ஒரு தகவல் கட். மற்ற இரண்டும் ஓவர்டைம் பார்க்க வேண்டியதுதான். ஐந்து வயசுக் குழந்தை ஒற்றைக் காலில் சுமார் பத்து செகண்ட் நிற்பதே நல்ல வளர்ச்சி. அதனால் அந்த வயசுக்காரர்களிடம் ஒரு நிமிஷத்தை எதிர்பார்க்காதீர்கள்.

7. மூக்கு சொல்லும்: ஐந்து டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் காபித்தூள், ஏலக்காய், கறிவேப்பிலை, பெருங்காயம், எலுமிச்சைத் தோல் என்று ஒன்று. கண்ணை மூடி மோந்து, ஒரு நிமிஷத்துக்குள் ஐந்தின் பெயரையும் சொல்ல வேண்டும். 'இது சாம்பார் வாசனை ஆன்ட்டி!' என்று பெருங்காயத்தைச் சொல்லுகிற குழந்தைக்கு அரை மார்க் போடலாம். கண்ணைக் கட்ட ஒரே கைக்குட்டையை எல்லோருக்கும் சுற்றாதீர்கள். ஒரு குழந்தைக்கு 'மெட்ராஸ் ஐ' இருந்தால் போச்சு, எல்லோருக்கும் பரிசு! அவரவர் கையாலேயே கண்ணைப் பொத்திக்கொள்ளட்டும். மிளகாய்த்தூள், மிளகுத்தூள் பக்கமே போக வேண்டாம்.

8. தட்டு ஞாபகம்: ஒரு பெரிய தட்டில் சாவி, சீப்பு, அழிரப்பர், கரண்டி, நூல்கண்டு என்று பதினைந்து சாமான்கள். ஒரு நிமிஷம் பார்க்கலாம். அப்புறம் துணி போட்டு மூடிவிட்டு, அடுத்த ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல்ல முடிகிறது? ருட்யார்ட் கிப்ளிங் 1901-ல் எழுதிய 'கிம்' நாவலில் வருகிற ஆட்டத்திலிருந்து வந்தது இது. சாரணர் இயக்கத்தில் இன்றும் இதற்கு 'கிம் விளையாட்டு' என்றுதான் பெயர்.

மனசு ஒரே சமயத்தில் ஏழு விஷயங்கள் வரைதான், கொஞ்சம் கூடவோ குறையவோ, பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-ல் எழுதினார். பிறகு பதினைந்தை எப்படிச் சொல்வது? கூட்டம் கூட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: சமையலறைச் சாமான் நாலு, ஸ்கூல் பையில் இருப்பது ஐந்து, தலை வாருவதற்கு இரண்டு... முதல் சுற்று முடிந்ததும் இந்த ரகசியத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். இரண்டாவது சுற்றில் சாமான்களை மாற்றி வைத்துப் பாருங்கள். ஆறு சொன்ன குழந்தை ஒன்பது சொல்லும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! பரீட்சைக்குப் படிக்கவும் இதே வழிதான் என்று காதோடு சொல்லிவிடுங்கள்.

9. அமைதி நிமிஷம்: இது கடைசியில்தான். எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். மனசுக்குள் கணக்குப் போட்டு, ஒரு நிமிஷம் ஆகிவிட்டது என்று தோன்றும்போது சத்தமில்லாமல் எழுந்து நிற்க வேண்டும். யார் அறுபதாவது செகண்டுக்குப் பக்கத்தில் எழுகிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். எங்கள் வீட்டில் ஆடியபோது முப்பதாவது செகண்டிலேயே பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்! ஆனால் அந்த ஒரு நிமிஷம் பன்னிரண்டு குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஃபேன் சத்தம் கேட்டது. துள்ளிக் குதித்த மூச்சு இறங்கிவிடும். அப்படியே கை கழுவ அனுப்பிச் சாப்பிட உட்கார வைத்துவிடலாம்.

யாருக்குப் பரிசு?

இப்போது அந்த நோட்டை எடுங்கள். முதல் பரிசு, அதிகம் எடுத்தவருக்கு இல்லை. முதல் சுற்றைவிட இரண்டாவது சுற்றில் அதிகம் முன்னேறியவருக்கு!

கொடியில் ஒரு பையன் முதலில் இருபது, அப்புறம் இருபத்தொன்று. இன்னொரு பெண் முதலில் ஆறு, அப்புறம் பதினொன்று. ஜெயித்தது யார்? ஐந்து கூட எடுத்த அந்தப் பெண்தான். எப்போதும் ஜெயிக்கிற பையனுக்கும் இது நல்லது. அவன் இப்போது மற்றவர்களோடு மோதவில்லை. தன்னுடைய பழைய கணக்கோடு மோதுகிறான்.

'வேண்டுமென்றே முதல் சுற்றில் குறைவாக எடுத்து ஏமாற்ற மாட்டார்களா?' என்று கேட்பீர்கள். புத்திசாலி வாண்டுகள் கட்டாயம் ஏமாற்றும்! அதனால் பரிசு விஷயத்தை இரண்டு சுற்றும் முடிகிற வரை வெளியே விடாதீர்கள். அடுத்தடுத்த ஆட்டங்களில் தெரிந்துவிடுமே என்றால், ஒரு ஆட்டத்துக்கு முன்னேற்றம், ஒரு ஆட்டத்துக்கு ஜோடி இருவரின் கூட்டுத் தொகை, ஒரு ஆட்டத்துக்கு மொத்த எண்ணிக்கை என்று மாற்றி மாற்றி வையுங்கள். எது வரும் என்று தெரியாதபோது ஒழுங்காக ஆடுவதுதான் ஒரே வழி.

பரிசு பெரிதாக வேண்டாம். ஒரு பென்சில், ஒரு அழிரப்பர், அல்லது 'அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதும் உரிமை'. எங்கள் வீட்டில் அடிதடியே அந்த விசிலுக்குத்தான்!

நடக்கச் சிரமப்படும் குழந்தை வருகிறது என்றால் க்ளிப், பல்லாங்குழி, தட்டு, மூக்கு என்று உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களையே எல்லோருக்கும் வையுங்கள். அந்தக் குழந்தையை மட்டும் தனியாக 'நீ பார்த்துட்டு இரு' என்று சொல்லாதீர்கள். ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் அதன் இன்ஹேலர் எங்கே என்று அம்மாவிடம் முன்னாலேயே கேட்டு வாங்கிக் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

இதெல்லாம் வேண்டாமே!

சாப்பிடும் போட்டி வேண்டவே வேண்டாம். ஒரு நிமிஷத்தில் எத்தனை பன், எத்தனை இட்லி, நெற்றியில் வைத்த பிஸ்கெட்டை வாய்க்குக் கொண்டுவருவது... எதுவும் கூடாது. அவசரமாக விழுங்கி, சிரித்து, மூச்சு இழுக்கும்போது உணவு மூச்சுக் குழலை அடைத்துவிடும். 2024 செப்டம்பரில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் ஓணத்தை ஒட்டி நடந்த இட்லி சாப்பிடும் போட்டியில் நாற்பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர் தொண்டை அடைத்து இறந்தே போனார். பெரியவருக்கே இந்தக் கதி என்றால் குழந்தையின் மூச்சுக் குழல் எவ்வளவு சின்னது!

கொட்டை, மணி, கோலி ஜாக்கிரதை. சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்குகிற எந்தச் சாமானும் மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்குப் போகக் கூடாது. பார்ட்டிக்கு அண்ணன், அக்காவோடு தம்பிப் பாப்பாவும் வரும், மறக்காதீர்கள்! பல்லாங்குழி ஆடினால் கொட்டைகளை எண்ணித் தந்து எண்ணி வாங்குங்கள். முழு நிலக்கடலை, முந்திரி ஐந்து வயசுக்குள் கொடுக்கவே வேண்டாம். காய்ந்த பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும். ஊக்கு, ஹேர்பின் போட்டு நோண்டாமல் டாக்டரிடம் போங்கள்.

பலூன் அழகுதான். ஆனால் வெடித்த பலூனின் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மகா கஷ்டம். எட்டு வயசுக்குக் கீழே உள்ளவர்கள் பலூன் ஊதக் கூடாது. பெரியவர்கள் ஊதிக் கட்டி, வெடித்த துண்டை உடனே பொறுக்கிவிட வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கும் ஊதும் போட்டி ஒன்றுக்கு மேல் வேண்டாம். வேகவேகமாக ஊதினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும்.

மின்னும் தொப்பி, பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இருக்கிற பட்டன் பேட்டரியைக் கவனியுங்கள். குழந்தை விழுங்கி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். 'வெளிக்குப் போயிடும்' என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் கப்பும் ஸ்ட்ராவும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்தே தடை. எவர்சில்வர் டம்ளர் இருக்க என்ன கவலை?

தொண்டையில் சிக்கிவிட்டால்...

குழந்தை பலமாக இருமுகிறது, அழுகிறது, பேசுகிறது என்றால் இருமட்டும், விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். இருமலே நல்ல மருந்து.

சத்தம் வரவில்லை, மூச்சு விட முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒரு செகண்டும் வீணாக்காதீர்கள். ஒருவர் 108-க்குப் போன் பண்ணட்டும். நீங்கள் குழந்தையை முன்பக்கம் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பலமாக ஐந்து தட்டு தட்டுங்கள். வரவில்லையா? ஒரு வயசுக்கு மேற்பட்ட குழந்தை என்றால், பின்னால் நின்று அல்லது மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கை முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை இழுத்து அழுத்துங்கள். வெளியே வரும் வரை ஐந்து தட்டு, ஐந்து அழுத்து என்று மாறி மாறிச் செய்யுங்கள்.

ஒரு வயசுக்கு உட்பட்ட பாப்பாவுக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை கீழாகச் சாய்ந்திருக்க, முதுகில் ஐந்து தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் ஐந்து அழுத்து.

கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும். குழந்தை நினைவிழந்தால் தரையில் கிடத்தி, செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் உடனே ஆரம்பிக்க வேண்டும். சிக்கியது வெளியே வந்தாலும், வயிற்றில் அழுத்தியிருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 'அப்போ இருமினான், இப்போ சரியாயிடுச்சு' என்று விட்ட குழந்தைக்கு அடுத்த நாட்களில் இழுப்பும் இருமலும் வந்தால், கடலைத் துண்டு நுரையீரலுக்குள் போயிருக்கலாம். நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

என்ன, பயமுறுத்திவிட்டேனா? பயப்பட ஒன்றுமில்லை. இதையெல்லாம் ஒரு தடவை படித்து வைத்துக்கொண்டால் மிச்ச நேரம் முழுக்க நீங்களும் சேர்ந்து சிரிக்கலாம். விசிறி மீனில் என்னைத் தோற்கடிக்காத குழந்தையே எங்கள் தெருவில் கிடையாது!

ஆமாம், அந்த வாசல்படிப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கவில்லையே? அடுத்த வருஷமும் அழைத்தோம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். செருப்பைக் கழற்றவே ஐந்து நிமிஷம் யோசித்தாள். எந்த ஆட்டத்திலும் முதலாவதாக வரவில்லை. க்ளிப்பு ஆட்டத்தில் ஒரே ஒரு அழிரப்பர் கிடைத்தது, முன்னேற்றப் பரிசு. ராத்திரி ஏழு மணிக்கு அவள் அம்மா வந்து வாசலில் நின்று, "வா கண்ணு, கிளம்பலாம்" என்றார்.

கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"இரும்மா... ஒரே ஒரு நிமிஷம்!"